12 குழி, 12 கல்: சிறுவர் கனிமச் சேகரிப்புப் பயணம், ஒரு மதிப்புரை

பாறைகளையும் கனிமங்களையும் சேகரிக்கும் ஆர்வலர் கழகம் ஒன்று 8 முதல் 12 வயது வரையிலான சிறுவர்களுக்காக நடத்திய ஒருநாள் பயணத்திற்கு என் 9 வயது மகளுடன் சென்று வந்தேன். காலையில் கைவிடப்பட்ட ஒரு கல் குவாரி, பிற்பகலில் அதற்குக் கீழே ஓடும் ஓடை என இரண்டு இடங்கள். இத்தகைய பயணத்தை, வீட்டுக்கு வந்து சேரும் பையின் கனத்தைக் கொண்டு அளப்பதே பெற்றோரின் வழக்கம். நானும் அந்த எண்ணத்தோடுதான் பெரிய சாக்கு ஒன்றை எடுத்துச் சென்றேன். அது கடைசிவரை மடித்தது மடித்தபடியே இருந்தது.

குவாரி வாசலிலேயே ஒவ்வொரு பிள்ளையிடமும் 12 குழிகள் கொண்ட முட்டை அட்டை ஒன்றைக் கொடுத்துவிட்டார்கள். அதில் அடங்குவதை மட்டுமே கொண்டுபோகலாம். புதிதாக ஒரு கல் மனத்துக்குப் பிடித்துவிட்டால், அட்டையில் உள்ள ஒன்றை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட வேண்டும். முதல் அரைமணி நேரத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளி நிரப்பிய பிள்ளைகள், அதன்பின் எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று ஒவ்வொரு கல்லையும் திருப்பித் திருப்பிப் பார்க்கத் தொடங்கினார்கள். சேகரிப்பு என்பது உண்மையில் அங்கேதான் தொடங்கியது.

பயணத்தின் ஆகச் சிறந்த பகுதி, குவாரிக்குள் நுழையும் முன் ஒரு மேசையைச் சுற்றி நடந்த பயிற்சி. வழிநடத்தியவர்கள் எந்தக் கல்லின் பெயரையும் தாமாகச் சொல்லவில்லை. "இது என்ன?" என்று கேட்ட பிள்ளைக்கு "நகத்தால் கீறிப் பார்" என்பதே பதிலாகக் கிடைத்தது. ஃபிரீட்ரிஷ் மோஸ் 1812-இல் வகுத்த கடினத்தன்மை வரிசையில் மாக்கல்லின் முதன்மைக் கனிமமான டால்க் 1, ஜிப்சம் 2, கால்சைட் 3, குவார்ட்ஸ் 7, வைரம் 10. நம் நகம் ஏறத்தாழ 2.5 என்பதால் முதல் இரண்டை மட்டும் கீறும். கீறல் விழுந்ததாகத் தோன்றினால் விரலால் துடைத்துப் பார்க்க வேண்டும் என்றும், துடைத்ததும் மறைந்துவிட்டால் அது கீறல் அன்று, கீறிய பொருளே தேய்ந்து விட்டுச்சென்ற பொடிதான் என்றும் சொல்லிக்கொடுத்தது எனக்கே புதிய செய்தி. ஆனால் இளம் தன்னார்வலர் ஒருவர், 10 என்றால் 1-ஐப் போலப் பத்து மடங்கு கடினம் என்று சொல்லிவிட்டார். இந்த எண்கள் எது எதைக் கீறும் என்ற வரிசையை மட்டுமே காட்டுகின்றன. 9-க்கும் 10-க்கும் உள்ள இடைவெளி, அதற்குக் கீழேயுள்ள படிகளின் இடைவெளிகளைவிட மிகப் பெரியது. எவரும் அவரைத் திருத்தவில்லை.

மெருகிடாத பீங்கான் ஓட்டில் கல்லை உரசிப் பொடியின் நிறத்தைப் பார்க்கும் சோதனையில் என் மகள் நெடுநேரம் நின்றுவிட்டாள். கருஞ்சாம்பல் நிறத்தில் உலோகம்போல் மின்னிய ஒரு கல்லை அவள் இழுத்தபோது, ஓட்டில் செங்கல் நிறத்தில் ஒரு கோடு விழுந்தது. கையில் ஏதோ காயம் பட்டுவிட்டதோ என்று விரலைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் இழுத்தாள். அந்தக் கல்லின் ஹேமடைட் என்ற பெயரே குருதியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்பதை அதன் பிறகுதான் சொன்னார்கள். பக்கத்தில், தங்கம் கிடைத்துவிட்டதென்று குதித்துக்கொண்டிருந்த ஒரு சிறுவனின் கையிலிருந்த பைரைட் என்ற பொன்னிறக் கனிமம், பசுமை கலந்த கருப்புக் கோட்டைப் போட்டது. தங்கமாக இருந்தால் மஞ்சளாகவே உரசியிருக்கும்.

பாதுகாப்பில் குறை சொல்வதற்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. நில உரிமையாளரின் எழுத்துமூல அனுமதியைக் காட்டினார்கள். வெட்டிய பாறைச் சுவரின் அடியில் யாரும் நிற்காதபடி கயிறு கட்டியிருந்தார்கள். ஒருவர் சுத்தியலை ஓங்கும்போது மற்றவர்கள் விலகி நிற்க வேண்டியிருந்தது. தச்சுச் சுத்தியலோடு வந்த ஒரு தந்தையிடம், பாறையில் அடித்தால் அதன் எஃகு முகமே சில்லாகத் தெறிக்கக்கூடும் என்று விளக்கி, அதைப் பணிவோடு வண்டிக்கே திருப்பி அனுப்பினார்கள். கண் பாதுகாப்புக் கண்ணாடிகள் மட்டும் பெரியவர்களின் அளவில் இருந்தன. மகளின் காதுக்குப் பின்னால் ரப்பர் பட்டையை முடிச்சுப் போட்டும், குனியும்போதெல்லாம் கண்ணாடி மூக்குக்கு இறங்கியது. சிறுவர் பயணம் என்று அறிவித்துவிட்டு இதைக் கவனிக்காமல் விட்டதை ஏற்பதற்கில்லை. பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைலென்சுகள் இருபது பிள்ளைகளுக்கு மூன்றுதான் இருந்தன. லென்சைக் கண்ணோடு ஒட்டி வைத்துக் கல்லை அதனருகே கொண்டுவர வேண்டும் என்று ஒரு பிள்ளை பழகுவதற்குள் அடுத்த பிள்ளையின் முறை வந்துவிட்டது.

குவாரியின் ஒரு மூலையில் கருங்கல்லை ஊடுருவிச் சென்ற பெக்மடைட் என்ற பெரும்படிகப் பாறையின் பட்டை ஒன்று இருந்தது. பாறைக்குழம்பு உறையும் கடைசிக் கட்டத்தில் எஞ்சுகிற, நீர்ச்சத்து மிகுந்த பகுதியில் படிகங்கள் பெரிதாக வளர்வதால், குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் காக்காப்பொன்னும் அங்கே வெறுங்கண்ணுக்கே தனித்தனியாகத் தெரிந்தன. காக்காப்பொன் கட்டி ஒன்றை மகள் நகத்தால் நெம்பினாள்; வெங்காயச் சருகைவிட மெல்லியதாக ஒரு தகடு உரிந்து வந்தது. அதை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு இன்னொன்றை உரித்தாள், அடுத்து இன்னொன்று. முடிவே இல்லாமல் உரிந்துகொண்டிருந்த அந்தக் கட்டிக்காக அட்டையிலிருந்து இரண்டு வெங்கச்சங்கற்கள் (குவார்ட்ஸ்) வெளியே போயின.

ஓடையில் செலவிட்ட ஒன்றரை மணி நேரம் சற்றுத் தொய்வாகவே கழிந்தது. பிளாஸ்டிக் பைக்குள் காந்தத்தைப் போட்டு மணலில் இழுத்து, ஒட்டிய கருமணலைக் காந்தத்தை வெளியே எடுத்தவுடன் உதிரச் செய்த உத்தி மட்டும் பிள்ளைகளைக் கட்டிப்போட்டது.

என் பெரிய குறை பெயர்ச்சீட்டுகளைப் பற்றியது. எந்த இடத்தில் கிடைத்தது என்ற குறிப்பு இல்லாத கல், எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆய்வுக்கு உதவாது என்று காலையில் அழுத்தமாகச் சொன்னவர்கள், மாலையில் வண்டி புறப்படும் அவசரத்தில் வெறும் காகிதத் துண்டுகளைக் கொடுத்து எழுதச் சொன்னார்கள். கல்லில் ஒரு துளி வெள்ளைப் பூச்சு வைத்து, அது காய்ந்ததும் எண் எழுதி, அதே எண்ணைக் குறிப்பேட்டிலும் பதியும் வழக்கத்தைக் கற்றுத்தர அரைமணி நேரம் ஒதுக்கியிருந்தால் போதும். ஓடையிலிருந்தே அந்த நேரத்தை எடுத்திருக்கலாம். வண்டி இரண்டு முறை குலுங்கியதில் அட்டை கவிழ்ந்து, 12 சீட்டுகளும் 12 கற்களும் தனித்தனியாகச் சிதறின.

அடுத்த முறையும் இவர்களோடு செல்வேன். அளவான கண்ணாடி, கைலென்சு, வெள்ளைப் பூச்சு, மெல்லிய முனைப் பேனா ஆகியவற்றை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்வேன். அன்றிரவு மகள் கற்களைத் தரையில் பரப்பி, விளிம்பு மழுங்கியவை ஓடையில் உருண்டவை, கூராக இருப்பவை குவாரியில் உடைத்தவை என்று அவளாகவே இரண்டு வரிசையாகப் பிரித்துவிட்டாள். ஒரு கல் மட்டும் மிஞ்சியது: அதன் ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் புதிதாக உடைந்த கூர்மை. ஓடைக் கல்லைத் தானே சுத்தியலால் அடித்தாளா என்பது அவளுக்கு நினைவில்லை. அதன் சீட்டில் இடத்துக்கு நேராக ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறாள்.