காண்டாக்ட் மைக் விமர்சனம்: எதில் ஒட்டலாம், எதில் செருகக் கூடாது

பாட்டுக்கோ பின்னணி இசைக்கோ வித்தியாசமான சத்தம் தேடுகிறவர்கள் பலரும் ஏதோ ஒரு கட்டத்தில் காண்டாக்ட் மைக்கிடம் வந்து சேருகிறார்கள். காற்றில் வரும் ஒலியை விட்டுவிட்டு, தான் ஒட்டிக்கொண்டிருக்கும் பொருளின் அதிர்வைப் பிடிக்கும் மைக் இது. நான் சில மாதங்களாகப் பயன்படுத்துவது ரெடிமேடாகக் கிடைக்கும் வகை: ரப்பர் பூச்சுக்குள் ஒரு வட்டத் தகடு, மூன்று மீட்டர் கேபிள், முனையில் கிடார் கேபிளில் இருக்கும் அதே 6.35 மி.மீ. ஜாக், கூடவே ஒரு சின்ன கிளிப். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்த வகையில் எந்தப் பெயரில் வாங்கினாலும் உள்ளே இருக்கும் சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாங்கலாம். ஆனால் எதில் செருகப் போகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டு வாங்குங்கள், ஏனென்றால் இந்த மைக்கிலிருந்து வரும் ஒலியின் பாதித் தரத்தைத் தீர்மானிப்பது அது போய்ச் சேரும் இடம்தான்.

உள்ளே இருப்பது பீசோ தகடு. பித்தளை வட்டத்தின் மேல் மெல்லிய செராமிக் படலம், அவ்வளவுதான். வளைத்தாலோ அழுத்தினாலோ செராமிக் மின்னழுத்தம் தரும். இந்தக் குணத்தைப் படிகங்களில் 1880-இல் கண்டுபிடித்தவர்கள் பியேர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக் கியூரியும். அலாரம் கடிகாரத்திலும் பொம்மைகளிலும் 'பீப்' என்று கத்துவது இதே தகடுதான், அங்கே மின்சாரம் கொடுத்தால் தகடு அதிரும், இங்கே தகடு அதிர்ந்தால் மின்சாரம் வரும். பேட்டரி வேண்டாம், சில மைக்குகளுக்குக் கேபிள் வழியாகவே கொடுக்கும் மின்சாரமான ஃபான்டம் பவரும் வேண்டாம். பக்கத்தில் ஆள் பேசினாலும், வெளியே வண்டி போனாலும் ரெக்கார்டிங்கில் அநேகமாக எதுவும் விழாது. சத்தமில்லாத அறை கிடைக்காதவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சரி, இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பெட்டியில் 'எந்த மைக் இன்புட்டிலும் செருகலாம்' என்று அச்சடித்திருக்கிறார்கள். செருகலாம், சத்தமும் வரும், ஆனால் வருவது தகர டப்பாவுக்குள்ளிருந்து கேட்பது போன்ற சத்தம். பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, அறவே இருக்காது. காரணம் எளிமையானது. பீசோ தகடு மின்சுற்றைப் பொறுத்தவரை ஒரு கெப்பாசிட்டர் (மின்னூட்டத்தைத் தேக்கும் உறுப்பு), 27 மி.மீ. தகடு என்றால் சுமாராக 20 நானோஃபாரட். இதை 10 கிலோஓம் இம்பீடன்ஸ் (மின்தடை மாதிரியான அளவு) உள்ள சாதாரண லைன் இன்புட்டில் செருகினால் இரண்டும் சேர்ந்து தாழ்ந்த ஒலியைத் தடுத்து உயர்ந்ததை மட்டும் விடும் ஹைபாஸ் ஃபில்ட்டர் ஆகிவிடும், கிட்டத்தட்ட 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதெல்லாம் தேய ஆரம்பித்துவிடும். மைக் இன்புட்டின் இம்பீடன்ஸ் இன்னும் குறைவு என்பதால் அங்கே நிலைமை இன்னும் மோசம். அதே தகட்டை 1 மெகாஓம் உள்ள இன்புட்டில் செருகினால் அந்த எல்லை 8 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும், அதாவது நம் காதுக்கு எட்டும் பேஸ் முழுக்க உள்ளே வரும். மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸில் 'இன்ஸ்ட்ருமென்ட்' அல்லது 'ஹை-இசட்' (Hi-Z) என்று ஒரு பட்டன் இருக்குமே, கிடாருக்காக வைத்திருப்பது, அதைத்தான் அமுக்க வேண்டும். அந்த வசதி இல்லாத போர்ட்டபிள் ரெக்கார்டர் வைத்திருப்பவர்கள் பீசோவுக்கென்றே செய்யப்பட்ட சின்ன ப்ரீஆம்ப் (சிக்னலைப் பெருக்கித் தரும் பெட்டி) ஒன்றைச் சேர்த்து வாங்க வேண்டும். இதைப் பற்றிப் பெட்டியிலும் கையேட்டிலும் ஒரு வரி கூட இல்லாதது எனக்கு உண்மையிலேயே கோபத்தை வரவழைக்கிறது. இந்த மைக்கை வாங்கி, தப்பான இடத்தில் செருகி, 'குப்பை' என்று தூக்கிப் போட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்!

சரியான இடத்தில் செருகிய பிறகு கேட்டால் இது வேறு கருவி.

ஸ்லிங்கி ஸ்பிரிங் தெரியும் இல்லையா, படிக்கட்டில் தானாக இறங்குமே, அந்தக் கம்பிச் சுருள். அதை ஒரு முனையில் தொங்கவிட்டு, மேலே மைக்கை மாட்டி, கீழ் முனையை நகத்தால் சுண்டிப் பாருங்கள். 'பியூவ்' என்று லேசர் துப்பாக்கிச் சத்தம் வரும், எந்த எஃபெக்டும் போடாமலே. உலோகக் கம்பியில் அதிர்வெண் கூடிய அலைகள் வேகமாக ஓடிவிடும், குறைந்தவை பின்தங்கி வரும், அதனால் ஒரே ஒரு தட்டல் மேலிருந்து கீழே வழுக்கும் ஸ்வரமாக நீண்டுவிடுகிறது. 1977-இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்துக்கு ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட் லேசர் துப்பாக்கிச் சத்தத்தை இப்படித்தான் பிடித்தார், ஒரு வானொலிக் கோபுரத்தை இழுத்துக் கட்டியிருந்த கம்பியைச் சுத்தியலால் தட்டி. கோபுரம் கிடைக்காதவர்களுக்கு ஸ்லிங்கியும் நீளமான வேலிக் கம்பியும் போதும். வேலிக் கம்பியில் காற்று அடிக்கும்போது வரும் முனகலைத் தனியாகவே பத்து நிமிடம் ஓடவிட்டுக் கேட்கலாம், அவ்வளவு ஆழம் அதில் இருக்கிறது.

அப்புறம் வாஷிங் மெஷின். மூடியில் ஒட்டினால் ஒரு சத்தம், பக்கவாட்டுத் தகட்டில் ஒட்டினால் வேறு சத்தம், தண்ணீர்க் குழாயில் ஒட்டினால் அது வாஷிங் மெஷின் என்றே தெரியாது. மேட்மோஸ் என்ற அமெரிக்க இரட்டையர் 2016-இல் ஒரு முழு ஆல்பத்தையே தங்கள் வீட்டு வாஷிங் மெஷினின் சத்தத்தை மட்டும் வைத்துச் செய்தார்கள், 38 நிமிடம், இடைவெளி இல்லாமல் ஒரே ஓட்டம். முதலில் கேட்டபோது ஒரு எந்திரத்துக்குள் இத்தனை தாளம் எங்கே இருக்கும் என்று எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. மைக்கை ஒரு சாண் தள்ளித் தள்ளி ஒட்டிக் கேட்ட பிறகு அந்தச் சந்தேகம் போய்விட்டது. சுழலும் டிரம்மின் வேகமே தாளமாகிவிடுகிறது, மெட்ரோனோம் தேவைப்படுவதில்லை.

செடியையும் விட்டுவிடாதீர்கள். கள்ளிச் செடியின் முள்ளை மீட்டினால் காதுக்கு ஏதோ லேசாகக் கேட்கும், ஆனால் தொட்டியில் இருக்கும் செடியின் தண்டில் மைக்கைக் கட்டிவிட்டு முள்ளைச் சுண்டினால் நீளத்துக்கு ஏற்ப ஒவ்வொரு முள்ளும் ஒரு ஸ்வரம் சொல்லும். அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1975-இலேயே மின்பெருக்கம் செய்த கள்ளிச் செடியையும் மற்ற தாவரப் பொருட்களையும் தாளக் கருவிகளாக வைத்து ஒரு படைப்பு எழுதினார். அதற்கும் முன்னால், 1960-இல், ரெக்கார்ட் பிளேயர் கார்ட்ரிட்ஜில் ஊசி இருக்க வேண்டிய இடத்தில் கம்பி, குச்சி, சின்னச் சின்னப் பொருட்களைச் செருகி உரசி வாசிக்க வைத்தவரும் அவர்தான். அதற்குப் பிறகு வந்தவர்கள் ஒட்டிக் கேட்காத பொருளே இல்லை.

இவ்வளவு பாராட்டிவிட்டேன், இனி இது எங்கே சொதப்பும் என்பதையும் சொல்ல வேண்டும். மெல்லிய, லேசான பொருட்களில் ஒட்டாதீர்கள். கண்ணாடிக் கோப்பையின் விளிம்பை ஈர விரலால் தேய்த்தால் வரும் இசை இருக்கிறதே, பெஞ்சமின் பிராங்க்ளின் 1761-இல் கண்ணாடிக் கிண்ணங்களை ஒரே அச்சில் வரிசையாகக் கோத்து கிளாஸ் ஆர்மோனிகா செய்தாரே, அந்த வகை ஒலிக்கு இந்த மைக் எதிரி. தகட்டின் எடையும் கேபிளின் இழுப்பும் சேர்ந்து ரீங்காரத்தை அமுக்கிவிடும். ஜலதரங்கக் கிண்ணத்திலும் இதே கதிதான். அதற்கெல்லாம் நல்ல சாதாரண கண்டென்சர் மைக்கைப் பக்கத்தில் வைப்பதே சரி. கனமான உலோகப் பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, ஒட்டிவிட்டு, தட்டியபடியே சாய்த்தால் ஸ்வரம் வளைந்து குழையும், அது அருமையாக வரும். 1960-களின் கடைசியில் ரிச்சர்ட் வாட்டர்ஸ் உருவாக்கி, திகில் படங்கள் விடாமல் பயன்படுத்தும் வாட்டர்ஃபோனும் இதே தத்துவம்தான், கிண்ணத்துக்குள் தண்ணீர், சுற்றிலும் நீளம் மாறும் வெண்கலக் கம்பிகள்.

கிடார், வயலின் மாதிரி வாத்தியங்களை இயல்பாகப் பதிவு செய்ய நினைத்தும் இதை வாங்காதீர்கள். இந்தத் தகட்டுக்கே 4 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு சொந்த ஒத்ததிர்வு உண்டு, அங்கே எல்லாமே கொஞ்சம் கூர்மையாகக் குத்தும். ஈக்யூவில் (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதி) அந்த இடத்தைக் குறைத்தால் ஓரளவு சரியாகும். ரப்பர் பூச்சும் அந்தக் குத்தலைக் கொஞ்சம் மட்டுப்படுத்துகிறது, ரெடிமேட் மைக்கில் நான் மதிக்கும் ஒரு விஷயம் இது.

கேபிள்தான் பெரிய குறை. தகட்டிலிருந்து கேபிள் வெளியே வரும் இடம் பலவீனமாக இருக்கிறது, நான் வாங்கியதில் அந்த இடத்தில் சீக்கிரமே கரகரப்பு ஆரம்பித்து, பிரித்து மறுபடியும் சால்டர் வைக்க வேண்டியதாயிற்று. கேபிள் எதிலாவது உரசினாலும் அந்தச் சத்தம் அப்படியே பதிவாகும், அதனால் மைக்கிலிருந்து ஒரு அடி தள்ளி கேபிளை டேப் போட்டு அசையாமல் பிடித்து வையுங்கள். ஷீல்டு சரியில்லாத மைக்குகளில் மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் ஹம் கூடவே வரும். இதில் ஹம் குறைவுதான், ஆனாலும் அடாப்டர் பக்கத்தில் வைத்தால் தலைகாட்டுகிறது. இன்னொன்று, மைக் ஒட்டிய பொருளை ஓங்கி அடித்தால் பீசோவிலிருந்து பல வோல்ட் வரை எகிறலாம், கெயினை, அதாவது இன்புட் பெருக்கத்தை, முழுக்கக் குறைத்து வைத்துவிட்டு அடிக்கத் தொடங்கி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். தண்ணீருக்குள் போடலாம் என்று விளம்பரத்தில் இருக்கிறது. கேபிள் சேரும் இடத்தைப் பார்த்தால் எனக்கு அந்த நம்பிக்கை வரவில்லை. நீருக்கடியில் பதிவு செய்ய ஆசை இருந்தால் அதற்கென்றே இருக்கும் ஹைட்ரோஃபோனை வாங்குவது நல்லது.

கூட வரும் கிளிப் பெரிதாக உதவாது, பிடிப்பு போதவில்லை. போஸ்டர் ஒட்டப் பயன்படும் களிமண் மாதிரியான புட்டி நன்றாக வேலை செய்கிறது, மெல்லிய இரட்டைப் பக்க டேப் அதைவிடத் தெளிவான ட்ரெபிள் தருகிறது. மைக்குக்கும் பொருளுக்கும் நடுவில் எது மெத்தென்று இருக்கிறதோ அது மேல் அதிர்வெண்களைத் தின்றுவிடும், ஆகவே ஒட்டும் பொருளையே ஒரு டோன் கன்ட்ரோலாக வைத்துக்கொள்ளலாம்.

பதிவு செய்த பிறகு செய்யும் வேலையில்தான் பாதி இன்பம். வாய்ப்பிருந்தால் 96 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில் பதிவு செய்யுங்கள், காதுக்கு எட்டாத உயரத்தில் இருப்பதும் சேர்ந்து பதிவாகும். அதைப் பாதி வேகத்தில் ஓட்டினால் ஒரு ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) இறங்கும், கால் வேகத்தில் இரண்டு ஆக்டேவ், அப்போது படிக்கட்டுக் கைப்பிடிக் கம்பி பெரிய கோயில் மணியாகிவிடுகிறது. அடிக்கும் கணத்தை வெட்டி எறிந்துவிட்டு ரீங்காரத்தை மட்டும் வைத்துப் பாருங்கள். பிரெஞ்சு இசையமைப்பாளர் பியேர் ஷேஃபர் 1948-இல் மணியோசையில் இதைச் செய்தார், மணி மணியாகவே கேட்கவில்லை. பிபிசியின் ஒலிப் பரிசோதனைக் கூடமான ரேடியோபோனிக் வொர்க்‌ஷாப்பில் டெலியா டெர்பிஷைர் ஒரு பச்சை நிற உலோக விளக்கு மூடியைத் தட்டி, தட்டிய சத்தத்தை நீக்கி, மீதியிலிருந்து இசை செய்தார். டேப்பை பிளேடால் வெட்டி ஒட்டிச் செய்த காலம் அது, இப்போது மவுஸில் இரண்டு கிளிக்.

காண்டாக்ட் மைக்கோடு ஒரு சாதாரண மைக்கையும் வைத்து இரண்டையும் சேர்த்துக் கேட்கும்போது சத்தத்துக்கு உடம்பும் வரும், சுற்றியிருக்கும் இடமும் வரும். ஒரு சின்ன சரிசெய்தல் வேண்டும்: ஒலி காற்றில் ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் ஆகும், அதனால் தள்ளி வைத்த மைக்கின் ட்ராக் பின்தங்கியிருக்கும், அதை முன்னால் இழுத்துப் பொருத்தாவிட்டால் பேஸ் மெலிந்து போகும்.

சால்டர் வைக்கத் தெரிந்தவர்களுக்கு ரெடிமேட் தேவையே இல்லை. ஒரு பஸ்ஸர் தகடு, ஷீல்டு உள்ள கேபிள், ஒரு ஜாக், பின்பக்கம் சுற்ற காப்பர் டேப், இவ்வளவுதான் சாமான், மிச்சமாகும் பணத்தை ப்ரீஆம்ப்பில் போடுங்கள். சால்டர் பழக்கம் இல்லாதவர்கள் ரெடிமேடையே வாங்கலாம், முடிந்தால் இரண்டாக. நீளக் கம்பியின் இரண்டு முனைகளிலும் ஒன்றொன்று ஒட்டி, ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் பேன் செய்து ஹெட்ஃபோனில் கேட்டால், நடுவில் எங்கே தட்டினாலும் அந்தத் தட்டல் இரண்டு பக்கமும் பிரிந்து ஓடுவது தெளிவாகக் கேட்கும். ஒரே மைக்கில் இது கிடைக்காது.