"சுகர் இருக்கா?" "கெடியாது!"

மெட்ரோ விம்கோ நகர் வரை போகிறது, டோல்கேட் ஆட்டோக்காரர்கள் மாறவே இல்லை. அதெல்லாம் தெரிந்த கதை. இந்தத் தடவை எனக்கு ரத்தக்கொதிப்பு வரவழைத்தது வடசென்னையில் ஒரு தனியார் கண் மருத்துவமனையின் ரிசப்ஷன். பெயர் வேண்டாம்.

மாமாவுக்குக் கண்புரை. ஆபரேஷனுக்கு முன்னால் செய்கிற செக்கப்புக்குப் போயிருந்தோம். அந்தப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சுகர் இருக்கா சார்? பிரஷர்? ஹார்ட்?" என்றாள். மாமா மூன்றுக்கும் சேர்த்து, "அதெல்லாம் ஒண்ணும் கெடியாதும்மா" என்றார். டிக், டிக், டிக். அடுத்த டோக்கன்.

"மாமா, தினமும் சுகர் மாத்திரை போடறீங்களே?"

"போடறதாலதான்டா இல்ல. போன வாட்டி வெறும் வயித்துல நூத்திப் பத்து. நார்மல்னுட்டாங்க."

துறைமுகத்தில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர், பொய் சொல்கிற ஆள் இல்லை. மாத்திரைக்கு அடங்கிய நோய் அவர் கணக்கில் நோயே இல்லை, அவ்வளவுதான். 2021-இல் மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. ஆனால் ஸ்டான்லி அரசு மருத்துவமனை வரிசையில் கால் கடுக்க நின்ற காலத்தில் தானும் ஒரு நோயாளி என்ற நினைப்பாவது அவருக்கு இருந்தது.

ரிசப்ஷனில் போய்ச் சொன்னால், "பேஷண்ட் சொல்றதத்தான் சார் நாங்க போடுவோம்" என்று பதில். நான் இருக்கும் லண்டனில் என் நோய், மாத்திரை, ஒவ்வாமை எல்லாம் குடும்ப டாக்டரின் பதிவில் இருக்கும். என் போனில் அந்த ஊர் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸின் ஆப்பைத் திறந்தால் நானே பார்க்கலாம். இங்கேயும் மருத்துவப் பதிவுகளை இணைக்க ஆபா என்று 14 இலக்க எண் வந்திருக்கிறது. அன்றைக்கு அதை யாரும் கேட்கவில்லை.

சரி, திட்டி எழுதிவிட வேண்டியதுதான் என்று மாடிக்குப் போனால், அங்கே ஒரு வயதான நர்ஸம்மா. ஃபார்மைத் தொடவே இல்லை. "ஐயா, காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் என்னென்ன மாத்திரை போடறீங்க? பையைக் கொட்டுங்க" என்றார். மாமாவின் மஞ்சள் பையிலிருந்து சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், பிரஷருக்கு அம்லோடிபின், கடைசியாக டாம்சுலோசின் எல்லாம் விழுந்தன. கடைசி அட்டையை மட்டும் எடுத்து, "இது எதுக்கு?" என்றார். மாமா என்னைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கி, "யூரின் போறதுக்கும்மா."

ஃபைலின் மேலேயே சிவப்பு மையில் பெரிதாக எழுதி வட்டம் போட்டார் அந்த அம்மா. ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் பிராஸ்டேட் சுரப்பியின் தசையைத் தளர்த்துகிற அந்த மாத்திரை கருவிழிப் படலத்தின் தசையையும் தளர்த்திவிடும். ஆபரேஷன் நடுவே படலம் தொளதொளத்து, கண்மணி சுருங்கும். 2005-இல்தான் மருத்துவர்கள் இதை விவரித்து எழுதினார்கள். மாத்திரையை நிறுத்தினாலும் ஆபத்து முழுசாகப் போகாது. முன்கூட்டியே தெரிந்தால் சர்ஜன் தயாராக இருப்பார். கீழே போட்ட மூன்று டிக்கில் இதற்கு இடம் ஏது?

மாத்திரையை மட்டும் நம்பினாலும் ஏமாறலாம். சித்தி பெண் இதே மெட்ஃபார்மினைச் சினைப்பை நீர்க்கட்டிக்காகப் போடுகிறாள், அவளுக்குச் சர்க்கரை கிடையாது. அதனால் அந்த "எதுக்கு?" முக்கியம். நான் லண்டனில் பார்த்த நர்ஸ்கள் ஸ்க்ரீனைப் பார்த்துக் கேட்பார்கள், பையைக் கொட்டச் சொன்னதில்லை.

அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில், நோயாளிகள் சொன்னதை மருத்துவப் பதிவுகளோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2004-இல் வந்தது. சர்க்கரை, ரத்த அழுத்தம், மாரடைப்பு, பக்கவாதம் நன்றாகவே ஒத்துப்போயின. இதயச் செயலிழப்பில்தான் உதைத்தது. எங்கள் மாமாவைச் சேர்த்திருந்தால் முதல் வரியிலேயே கணக்கு கெட்டிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் மாத்திரை பெயர், அளவு, எதற்கு என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி பிரிட்ஜில் ஒட்டினேன். மறுநாள் பார்த்தால் டாம்சுலோசின் வரியை மட்டும் பேனாவால் அழுத்தி அடித்திருந்தது. "வர்றவங்க போறவங்க படிக்க மாட்டாங்களா?" என்றார் அத்தை.