பேரில்லாத கவரில் களைக்கொல்லி வாங்கி ஒரு ஏக்கர் கடலையைக் கருக்கினேன்

வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் மானாவாரிக் கடலை போட்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு மருந்துக் கடைக்குப் போங்கள். கடையின் பெயரை எழுதவில்லை. என் கையில் ரசீது கிடையாது, எழுதினால் நாளைக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆடிப்பட்டத்தில் ஒரு ஏக்கர் விதைத்தேன், 50 கிலோ பருப்பு. விதைத்த 3 நாளுக்குள் மண் ஈரத்தில், களை முளைக்காமல் தடுக்கும் பெண்டிமெத்தலின் அடித்திருந்தால் இந்தப் பாடே இல்லை. ஏக்கருக்கு 1.3 லிட்டர், அவ்வளவுதான் செலவு. ஆனால் விதைத்த மறுநாளே மழை பிடித்து 4 நாள் விடவில்லை, டேங்கைத் தோளில் மாட்டவே முடியவில்லை. 18ஆம் நாள் கொல்லைக்குப் போனால் சாரணையும் கோரையும் கடலையை மூடிக்கொண்டு நிற்கின்றன.

களையெடுக்க ஆள் தேடினேன். பாதிப் பேர் நூறு நாள் வேலைக்கு, மீதிப் பேர் விடியற்காலையில் தோல் கம்பெனி வேனில் ஆம்பூருக்கும் ராணிப்பேட்டைக்கும் போய்விடுகிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியுமா? காத்திருக்கவும் வழியில்லை. 45 நாளைத் தாண்டினால் காய் பிடிக்கும் விழுது மண்ணில் இறங்கும் நேரம், அப்புறம் மண்ணைக் கொத்தக் கூடாது.

கடைக்குப் போய் இமாசிதாபயர் கேட்டேன். முளைத்து வந்த களைக்கு, கடலையிலேயே அடிக்கலாம் என்று பரிந்துரையில் உள்ள மருந்து அது. "அது ஸ்டாக் இல்ல அண்ணே. இதைவிட நல்லது ஒண்ணு இருக்குது, எல்லாக் களையும் போய்டும், கடலைக்கு ஒண்ணும் ஆவாது" என்றார் கடைக்காரர். உள்ளே போனவர் சாதா பிளாஸ்டிக் கவரில் வெள்ளைப் பொடியைக் கட்டிக்கொண்டு வந்தார். பெரிய பையில் வந்ததாம், பிரித்துக் கொடுக்கிறாராம். அளவு கேட்டதற்கு, "டேங்குக்கு ரெண்டு தீப்பெட்டி" என்றார். பயிருக்கு எத்தனை நாள் ஆகிறது என்று அந்த மனுஷன் கேட்கவே இல்லை. இப்போது யோசித்தால் அங்கேயே நான் திரும்பி வந்திருக்க வேண்டும். பயிரின் வயதைக் கேட்காமல் களைக்கொல்லி கொடுப்பவருக்கு மருந்தும் தெரியாது, பயிரும் தெரியாது.

பில் கேட்டேன். "உனக்கு எதுக்குண்ணே பில்லு, ஜிஎஸ்டி வேற சேரும்" என்றார். மீதி 20 ரூபாயை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். 20 ரூபாய்!

அடித்து 4 நாள் வரை ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் அடி இலைகளில் ஓரம் மட்டும் மஞ்சள் கட்டியது. நரம்பு பச்சையாக, நடுவில் வெளிறி. இரும்புச் சத்துக் குறைபாடாக இருக்கும் என்று நினைத்தேன், அப்படியானால் கொழுந்திலல்லவா முதலில் வெளுக்க வேண்டும்? 8ஆம் நாள் அந்த ஓரங்கள் சுட்ட அப்பளம் மாதிரி சுருண்டன. தொட்டால் பொடிந்தன. சாரணை செத்தது, கடலையும் செத்தது. கோரை மட்டும் அசையவில்லை.

நாலு செடியை வேரோடு பிடுங்கி, ஈரத்துணியில் சுற்றி, விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு எடுத்துப் போனேன். பார்த்தவர், இலையை வைத்து மட்டும் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் அட்ரசின் பட்ட மாதிரி இருக்கிறது என்றார். மக்காச்சோளம், சோளம், கரும்புக்கு உள்ள மருந்து. அந்தப் பயிர்கள் தாங்கிக்கொள்ளும், கடலை, உளுந்து, காராமணி தாங்காது. இலை உணவு தயாரிப்பதையே அது நிறுத்திவிடுவதால்தான் உடனே தெரியாமல் மெதுவாகக் கருகுமாம். திரும்பும் வழியில் கடையில் நின்றேன். முதலாளி இல்லை. "அது மக்காச்சோளத்துக்கு வந்ததுண்ணே" என்று வேலைக்கிருந்த பையன் வாய்தவறிச் சொல்லிவிட்டான். மறுநாள் முதலாளியிடம் கேட்டால், "நான் எப்ப குடுத்தேன்? பில்லைக் காட்டு" என்கிறார்.

வேளாண் அலுவலகத்திலும் முதல் கேள்வி அதுதான். ரசீது எங்கே, டப்பா எங்கே, பேட்ச் நம்பர் என்ன? அவர்கள் கேட்டதில் தப்பில்லை. 1968ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தில் களைக்கொல்லியும் அடங்கும். கடையிலிருந்து மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப ஆய்வாளருக்கு அதிகாரம் இருக்கிறது. ஆனால் என் கொல்லையில் கருகியது அந்தக் கடைப் பொடியால்தான் என்று காட்ட என்னிடம் என்ன இருக்கிறது? கவரைக்கூட டேங்க் கழுவிய இடத்திலேயே எரித்துவிட்டேன்.

ஆகவே, கம்பெனி சீல் உடையாத டப்பாவோ பாக்கெட்டோ இல்லையென்றால் வாங்காதீர்கள். லேபிளில் உங்கள் பயிரின் பெயர் இருக்கிறதா என்று கடையில் நின்றே படியுங்கள், எழுத்து பொடியாக இருந்தால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். மருந்தின் விஷத்தன்மையைக் காட்டும் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணங்களில் ஒன்று இருந்தே ஆக வேண்டும். பச்சை என்பது மனுஷனுக்கு விஷம் குறைவு என்பதற்குத்தான், பயிருக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்துவிடாதீர்கள். ரசீதில் மருந்துப் பெயரும் பேட்ச் நம்பரும் எழுதி வாங்குங்கள். காலி டப்பாவை அறுவடை வரைக்கும் பூட்டி வையுங்கள்.

உளுந்து போடலாமா என்று கேட்டதற்கு, மண்ணில் மருந்து மிச்சம் இருக்கும், இப்போதைக்கு வேண்டாம் என்றார்கள். தீவனச் சோளம் விதைத்தேன். இடுப்பளவு வந்திருக்கிறது. ஊடே கோரையும் நன்றாகத்தான் இருக்கிறது.