லென்கோ எல்75: எட்டு வருசத்தில மூண்டு தரம் மாத்தின வி-புளொக்

லூசேர்ணில இருக்கிற தம்பி ஒருத்தர் போன கிழமை கேட்டவர், "அண்ணை, லென்கோ எல்75 எண்ட பழைய இசைத்தட்டு மிசின் (டேர்ன்டேபிள்) ஒண்டு விலைக்கு வந்திருக்கு, எடுக்கலாமோ?" எண்டு. அவர் கேட்ட நேரம் என்ர எல்75இன்ர டோன் ஆம், அதாவது ஊசியைத் தாங்கிற கை, சாப்பாட்டு மேசையில கழட்டிக் கிடந்தது, நான் பூதக்கண்ணாடியும் கையுமா அந்தக் கை நிக்கிற வி-புளொக் எண்ட குட்டித் துண்டுகளை மூண்டாந்தரமா மாத்திக்கொண்டு இருந்தனான். அதால வட்சப்பில குடுத்த பதில் கொஞ்சம் சூடாப் போட்டுது. இப்ப ஆறுதலா எழுதுறன்.

நான் இதை எட்டு வருசத்துக்கு முதல் பேர்ணில ஒரு புரொக்கியில (பழைய சாமான் கடை) 60 பிராங்குக்கு எடுத்தனான். இது செய்த இடம் புர்க்டோர்ஃப், எங்கட வீட்டில இருந்து ரயில் ஏறினா அரை மணித்தியாலத்துக்குள்ள போயிடலாம், 1946இல பிரிட்ஸ் லேங், மரீ லேங் எண்ட தம்பதி அங்க துவங்கின கொம்பனி. அதால இஞ்சத்தைய பழைய சுவிஸ் வீடுகளை ஒதுக்கித் துப்பரவாக்கேக்க இது இன்னும் பரணில இருந்து இறங்கி வரும். இப்ப விலை நான் குடுத்ததை விடப் பல மடங்கு, ஆனா கிடைக்கும்.

திருத்தினதில சுகமா முடிஞ்ச வேலையளை முதல் சொல்லிப்போடுறன். பிளக்கைக் கழட்டிப்போட்டு அடியைத் திறந்தா, சுவிச்சில பொறி பறக்காமல் இருக்கப் போட்ட பழைய கப்பாசிட்டர் பிளந்து கிடந்தது, அதுக்குப் பதில் நேர கரண்டில போடத் தகுந்த எக்ஸ்2 தரத்தில புதுசு, ரண்டு கம்பி வயருக்குப் பதில் எர்த்தோட மூண்டு கம்பி வயர். உதைச் செய்யாமல் இந்த வயசு மிசினை ஒருத்தரும் கரண்டில செருகக்கூடாது. மோட்டரின்ர வெண்கலப் புஷ் ரண்டையும் கழுவி எண்ணெயில ஊறப்போட்டன், மோட்டரின்ர சுத்தைப் பிளாட்டருக்கு (தட்டு வைக்கிற பாரமான வட்டம்) கடத்திற ஐட்லர் சில்லின்ர றப்பரை அல்கஹோலால துடைச்சன், சில்லைப் பிளாட்டரோட அழுத்துற ஸ்பிரிங்கை இன்னும் மெல்லிசான ஒண்டா மாத்தினன், அதோடயே உறுமல் பாதி குறைஞ்சு போச்சு. மிச்சப் பாதியை மிசினைத் தாங்கிற மரப்பெட்டி எடுத்துது. பழைய பெட்டியில இது ஸ்பிரிங்கில நிக்கும், நான் 18 மில்லிமீட்டர் பேர்ச் பிளைவுட் அஞ்சு அடுக்கு ஒட்டி, இரும்புத் தகட்டை நேர அதில இறுக்கிப் பூட்டினன். வெட்டினது கெல்லர் எண்ட நிலவறைக்குள்ள, நாலு சனிக்கிழமை, ஞாயிறில எங்கட கட்டடத்தில ஒரு துளையும் போடேலாது. உந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு தாளத்தின்ர அடி வயித்தில வந்து விழும், மிருதங்கத்தின்ர இடந்தலை எது வலந்தலை எது எண்டு கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். கிட்டத்தட்ட 4 கிலோ பிளாட்டரைச் சில்லு நேர தள்ளுறதால வாற உறுதி அது, பெல்ட்டால சுத்துற மிசினில எனக்கு இது கிடைக்கேல்லை.

இனி அந்த டோன் ஆம் கைக்கு வாறன். எல்75இன்ர கை மேல கீழ அசையிறது ரண்டு கத்திமுனையில. அந்தக் கத்திமுனை ரண்டும் இருக்கிறது வி வடிவில வெட்டின ரண்டு றப்பர்த் துண்டில, அதுதான் வி-புளொக், ஒவ்வொண்டும் சின்ன விரல் நகமளவு. 50 வருசத்தில றப்பர் காஞ்சு கொட்டுண்டு போகும், அது இயற்கை, 60களில செய்தவையை அதுக்குக் குறை சொல்ல ஏலாது. என்ரயைத் தொட்டாப் பொடியா உதிர்ந்தது. கை ஒரு பக்கம் சரிஞ்சு, ஊசி பள்ளத்தில சரிவா நிண்டு, வலப்பக்கம் பாட்டு கரகரத்துக்கொண்டு இருந்தது. சரி, புதுசு வாங்கிப் போட்டால் முடிஞ்சுது எண்டு நினைச்சன்.

முடியேல்லை. முதல் வாங்கினது 3டி பிரிண்டரில அச்சடிச்சது, படத்தில வடிவா இருந்தது, கையில வந்தாப் பிறகு பார்த்தா ரண்டு துண்டின்ரயும் வெட்டு ஒரே உயரத்தில இல்லை. அரை மில்லிமீட்டர் வித்தியாசம் கூட இராது, ஆனா அரை மில்லிமீட்டர் எண்டா இந்த இடத்தில மலை, கை நேர நிக்காது. வித்தவருக்கு எழுதினன், அளந்துதான் அனுப்பினது எண்டு பதில் வந்தது. நான் வெர்னியரில அளந்து படத்தோட திருப்பி அனுப்பினன், அதுக்குப் பிறகு மூச்சே இல்லை. காசு போனது வேற, ஒருத்தர் ஒழுங்கா அளக்காததால நான் நாலு பின்னேரம் கையைக் கழட்டிப் பூட்டினன் எண்டதுதான் இப்பவும் கொதிக்குது. கையைத் தூக்கிற ஒவ்வொரு தரமும் உள்ளுக்கால ஓடுற வெள்ளை, நீலம், சிவப்பு, பச்சை நாலு வயரும் தலைமயிர் மொத்தந்தான், ஒண்டு அறுந்தா முழுக்கத் திருப்பி ஓடவிடவேணும். எனக்குப் பச்சை ரண்டு தரம் அறுந்தது.

பிறகு பித்தளை. பித்தளைத் துண்டு அளவில திறம், ஆனா சத்தம் மாறிப்போச்சு. நான் பாவிக்கிறது டெனன் டிஎல்-103 காட்ரிஜ் (ஊசியைத் தாங்கி அதின்ர அதிர்வைக் கரண்டாக்கிற துண்டு), 60களில ஜப்பான் வானொலிக்கெண்டு செய்தது, 2.5 கிராம் பாரத்தில ஓடுறது, விறைப்பான ஊசி. விறைப்பான ஊசிக்குப் பாரமான கை பொருந்தும், அது சரி, ஆனா அந்த மாதிரிக் காட்ரிஜ் தன்ர அதிர்வு முழுக்கக் கைக்குள்ள அனுப்பும். முந்தி றப்பர் அதைக் குடிச்சிருக்கு, பித்தளை குடிக்கேல்லை, கத்திமுனை அதில நிண்டு துள்ளியிருக்கவேணும், உரத்த வயலின் வாற இடமெல்லாம் மெல்லிசா ஒரு கிறீச். ரண்டு வருசம் காட்ரிஜைச் சந்தேகப்பட்டு, அம்பிளிபயரைச் சந்தேகப்பட்டு, கடைசியிலதான் பிடிபட்டுது. இப்ப போன கிழமை போட்டது டெல்ரின் எண்ட கெட்டிப் பிளாஸ்ரிக், கடைசல் பட்டறையில வேலை செய்யிற ஒரு நண்பர் கடைஞ்சு தந்தவர். அது றப்பர் மாதிரி உதிராது, பித்தளை மாதிரிச் சிலுசிலுக்காது, ஒரு கிழமையா நல்லாத்தான் இருக்கு.

இவ்வளவுக்கும் ஏன் வைச்சிருக்கிறன் எண்டா வேகத்தை மாத்திற தடிக்காக. மோட்டர் தண்டைக் கூம்பு மாதிரிச் சீவியிருக்கு, சில்லு அதில அங்கால இஞ்சால நகரும், தடிச்ச பக்கம் போனா வேகம், மெல்லிசுப் பக்கம் வந்தா ஆறுதல், இடையில எந்த இடத்திலயும் நிப்பாட்டலாம். வாங்கேக்க இதை நான் பெரிசா நினைக்கேல்லை. என்ர மாமா அளவெட்டியில இருந்து வரேக்க சாரத்துக்குள்ள சுத்தி நாதஸ்வர வித்துவான் ராஜரத்தினம்பிள்ளையின்ர 78 தட்டு (நிமிசத்துக்கு 78 தரம் சுத்துற பழைய தட்டு) மூண்டு கொண்டு வந்தவர், ஒண்டு வழியில உடைஞ்சு போச்சு. காட்ரிஜ் பூட்டுற ஹெட்ஷெல் எண்ட தலைத்துண்டைக் கழட்டி மாத்தலாம் எண்டபடியா 78க்கெண்டு தடிச்ச ஊசி போட்ட வேற காட்ரிஜ் ஒண்டு வைச்சிருக்கிறன், எல்பி ஊசி அந்த அகலப் பள்ளத்தின்ர அடியில உராயும். தட்டைப் போட்டு நாதஸ்வரம் எழும்பினதும் மாமா உடன சொன்னார், "சுதி கூடிப்போச்சு, இறக்கு" எண்டு.

78 எண்டு சொன்னாலும் அந்தக் காலத்துத் தட்டு எல்லாம் சரியா 78ல பதிஞ்சதில்லை. ராஜரத்தினம்பிள்ளை வாசிச்சது பாரி நாயனம் எண்ட நீளமான நாதஸ்வரம், அதின்ர சுதி இரண்டு, இரண்டரைக் கட்டை. நான் போனில சுதிப்பெட்டியை இரண்டரையில வைச்சுப்போட்டு தடியை மெல்ல மெல்ல இழுத்தன், 74 கிட்ட வரேக்க ரண்டும் ஒண்டாப் பொருந்தினது, 78க்கும் 74க்கும் இடையில அரைக் கட்டைக்குக் கொஞ்சம் குறைவான தூரம். மாமா ஒண்டும் கதைக்கேல்லை. தட்டில இருந்த தோடி ராகம் மூண்டு நிமிசத்தில முடிஞ்சுது, திருப்பிப் போடச் சொல்லிக் கையால காட்டினார். கனக்கப் புது டேர்ன்டேபிளில இது எனக்கு நடந்திருக்காது, அதுகளில 78ஏ இல்லை.

ஒரு விசயம், போட்ட உடன வேகம் நிலைக்காது. மோட்டரும் எண்ணெயும் சூடாக 15 நிமிசம் வேணும், பிறகுதான் ஸ்ட்ரோப் வட்டத்தைப் பார்க்கவேணும், பல்பு வெளிச்சத்தில அதின்ர கோடுகள் அசையாமல் நிண்டா வேகம் சரி. இஞ்சத்தைய 50 ஹேர்ட்ஸ் கரண்டுக்கு எல்பியின்ர 33 வேகத்துக்கு 180 கோடு உள்ள வட்டம். எல்ஈடி பல்பில பார்த்து ஏமாறாதைங்கோ, கனக்க எல்ஈடி கரண்டோட சேர்ந்து இமைக்காது, பழைய குண்டு பல்பு ஒண்டு வைச்சிருங்கோ.

தம்பி, நீர் கேட்டதுக்குப் பதில்: வாங்காதையும். உமக்கு ரண்டு சின்னப் பிள்ளையள், பின்னேரம் மிச்சமாறது ஒரு மணித்தியாலம், அதை வி-புளொக்குக்குக் குடுக்காதையும். பாட்டுக் கேக்கத்தான் ஆசையெண்டா ஒழுங்கா ஓடுற புதுசு ஒண்டு எடும். லென்கோ கேக்கவேணுமெண்டா ஞாயிறு பின்னேரம் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வாரும், மாமாவும் நிப்பார். ரயில் பேர்ணுக்கு வர 15 நிமிசம் இருக்கேக்க ஒரு போன் அடியும், நான் மோட்டரைப் போட்டு வைக்கிறன்.