கோட்டூர்புரம் லைப்ரரியில கிளாடியஸோட ரெண்டு சனிக்கிழமை

ரோம் பேரரசர் கிளாடியஸ் பத்தி படிக்கணும்னே அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போனேங்க, ஏசி, அமைதி, நம்ம சொந்த புக்க கொண்டுபோய் படிக்கவும் தனி இடம் இருக்கு, வேற என்ன வேணும். பழைய ரோம வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதினதுல, கி.பி. 41-ல முந்தின பேரரசர் கலிகுலா கொலையானதும் திரைச்சீலைக்குப் பின்னாடி ஒளிஞ்ச பயந்தாங்கொள்ளி, பொண்டாட்டி பேச்ச கேட்டு ஆடினவர்னு வருது, ஆனா ஆங்கில எழுத்தாளர் ராபர்ட் கிரேவ்ஸ் 1934-ல நாவலா எழுதும்போது முட்டாள் மாதிரி நடிச்சு உயிர் தப்பின புத்திசாலியா ஆக்கிட்டார். அந்த நடிப்பு விஷயம் சூட்டோனியஸ்லயே இருக்கு! கிளாடியஸே அப்படி சொன்னாராம், யாரும் நம்பலயாம். நாவலாசிரியர் நம்பிட்டார். நானும் நம்புறேன், கி.பி. 43-ல பிரிட்டனுக்குப் படை அனுப்பி தானே நேர்ல போன ஆள் வெறும் கோழையா இருக்க முடியாதுல்ல. காலைலயே போயிடுங்க, ஜன்னலோரமா உக்காந்து படிக்கலாம்.