கேனன் பவர்ஷாட் ஏ590 ஐஎஸ்: அடிமூடிக்குள் இருக்கும் நீண்ட ஆயுள்

2008 ஜனவரியில் கேனன் அறிவித்த பவர்ஷாட் ஏ590 ஐஎஸ், 8 மெகாபிக்சல் உணரியும் 4 மடங்கு ஆப்டிகல் ஜூமும் கைநடுக்கத்தை ஈடுசெய்யும் வசதியும் கொண்ட சிறு கேமரா. பழைய டிஜிட்டல் கேமராக்களை இளைஞர்கள் மீண்டும் தேடி வாங்கத் தொடங்கியிருப்பதால், இந்த மாடலும் இணையச் சந்தைகளில் அடிக்கடி விற்பனைக்கு வருகிறது. வாங்குவோர் பெரும்பாலும் படத்தின் நிறத்தைப் பற்றியே விசாரிக்கிறார்கள். நல்ல வெளிச்சத்தில் நிறம் இதமாகவும் இயல்பாகவும் இருக்கிறது. மங்கிய அறைக்குள் புள்ளிகள் விழுகின்றன. வீடியோ 640×480 அளவோடு நின்றுவிடுகிறது. இவையெல்லாம் அக்காலத்துக் கேமராக்கள் பலவற்றுக்கும் பொதுவானவை. ஏ590 ஐஎஸ்ஸைத் தனித்துக் காட்டுவது அதன் அடிப்பக்க மூடிக்குள் இருக்கிறது. இரண்டு ஏஏ செல்களும் படங்களைச் சேமிக்க ஒரு எஸ்டி கார்டும் இருந்தால் போதும், கேமரா இயங்கும். இவ்விரண்டும் இன்றும் எளிதாகக் கிடைக்கின்றன என்பதே இதை வாங்கலாம் என்று நான் துணிந்து சொல்வதற்கு முதற்காரணம்.

இதன் அருமை மற்ற கேமராக்களை வைத்துப் பார்த்தால்தான் விளங்கும். ஒலிம்பஸும் ஃபூஜிஃபிலிமும் 2002-இல் கொண்டுவந்த எக்ஸ்டி பிக்சர் கார்டு என்னும் வேறு வகைச் சேமிப்பு அட்டை, 2 ஜிபிக்கு மேல் வளராமலேயே உற்பத்தியிலிருந்து மறைந்தது; அந்த நிறுவனங்களின் அருமையான பழைய கேமராக்கள் பல, கார்டு கிடைக்காமல் அலமாரியில் முடங்கிக் கிடக்கின்றன. சோனி 1998-இல் அறிமுகப்படுத்திய மெமரி ஸ்டிக் என்னும் தன் சொந்தக் கார்டை விடாப்பிடியாகத் தாங்கி வந்து, 2010-இல்தான் எஸ்டி கார்டுக்கும் தன் கேமராக்களில் இடமளித்தது. மாறாக, பானாசோனிக், சான்டிஸ்க், தோஷிபா ஆகிய மூன்றும் சேர்ந்து 1999-இல் அறிவித்த எஸ்டி வடிவம் இன்றைய புதிய கேமராக்களிலும் தொடர்கிறது.

மின்சாரத்தின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஏஏ கேமராக்களுக்குக் கெட்ட பெயர் வந்ததே செல்லைத் தவறாகத் தேர்ந்தெடுத்ததால்தான். சுவர்க் கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் போடும் மலிவான துத்தநாகக் கார்பன் செல், நீண்ட காலத்துக்குச் சொட்டுச் சொட்டாக மின்சாரம் தருவதற்கென்று செய்யப்பட்டது. கேமராவின் தேவை வேறு: ஜூம் மோட்டார் சுழலும்போதும் ஃபிளாஷ் தன் மின்தேக்கியை நிரப்பும்போதும் ஒரே நேரத்தில் மிகுந்த மின்னோட்டம் வேண்டும். அந்தச் சுமையில் இத்தகைய செல்லின் வோல்டேஜ் சரிந்துவிடுவதால், லென்ஸ் பாதி நீண்ட நிலையிலேயே கேமரா அணைந்துபோகக்கூடும். ஆல்கலைன் செல் இதைவிட எவ்வளவோ மேல் என்றாலும், அதன் 1.5 வோல்ட் தொடக்கத்தில் மட்டுமே இருப்பது. பயன்படுத்தப் பயன்படுத்த அது சீராக இறங்கிக்கொண்டே வரும், உள் மின்தடையும் கூடும். கேமரா ‘பேட்டரியை மாற்றவும்’ என்று சொல்லி நிறுத்திய ஆல்கலைன் செல்கள், எடுத்துக் கடிகாரத்தில் போட்டால் மாதக்கணக்கில் ஓடுவதன் காரணம் இதுவே.

மீண்டும் மீண்டும் சார்ஜ் ஏற்றக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லின் மேல் எழுதியிருப்பது வெறும் 1.2 வோல்ட் என்பதைப் பார்த்துப் பலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டியதில்லை. உள் மின்தடை குறைவாக இருப்பதால், கனமான சுமையிலும் அந்த 1.2 வோல்ட்டை ஏறத்தாழக் கடைசிவரை இது தாங்கி நிற்கும். கேனனே இத்தகைய செல்களையும் அவற்றுக்கான சார்ஜரையும் ஒரு தொகுப்பாக அந்நாளில் விற்றது. பழைய நிக்கல் செல்களுக்கு இருந்த குறை, சும்மா வைத்திருந்தாலே சில வாரங்களில் சார்ஜ் வடிந்துபோவது. 2005 நவம்பரில் சான்யோ கொண்டுவந்த ஈனலூப் என்னும் புதுவகை நிக்கல் செல் அந்தக் குறையைத் தீர்த்தது. சான்யோவை வாங்கிய பானாசோனிக்கின் பெயரில் இப்போது அது வருகிறது: குறைந்தது 1900 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவு, 2100 முறை வரை சார்ஜ் ஏற்றலாம் என்பது நிறுவனத்தின் கூற்று. 2500 கொண்ட ஈனலூப் புரோவும் உண்டு. ஆனால் அதன் ஆயுள் 500 முறை அளவில்தான் என்பதால், இந்தக் கேமராவுக்குச் சாதாரண ஈனலூப்பே பொருத்தம் என்பது என் தீர்ப்பு.

அதே 2008 ஜனவரியில் கேனன் வெளியிட்ட ஐக்ஸஸ் 80 ஐஎஸ்ஸும் 8 மெகாபிக்சல் கேமராதான். அதன் என்பி-4எல் லித்தியம் அயன் பேட்டரி 3.7 வோல்ட், 760 மில்லி ஆம்பியர் மணி, அதாவது அதில் அடங்கும் மின்னாற்றல் சுமார் 2.8 வாட் மணி; இரண்டு ஈனலூப் சேர்ந்தால் சுமார் 4.5 வாட் மணி. எடைக்கு எடை பார்த்தால் லித்தியமே வெல்லும் என்பதையும், ஐக்ஸஸ் சட்டைப்பைக்குள் அடங்கும் அழகையும் மறுக்க முடியாது: செல் போடாமலேயே ஏ590 ஐஎஸ் 175 கிராம், ஐக்ஸஸ் 125 கிராம். எனினும் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு லித்தியம் பேட்டரி தேய்ந்துபோயிருக்கும். மாற்றாகக் கிடைக்கும் பெயர் தெரியாத தயாரிப்புகளின் தரத்துக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை.

சார்ஜரில் சிக்கனம் பார்ப்பது வீண். செல்களை இரண்டிரண்டாகச் சேர்த்துக் குறிப்பிட்ட மணிநேரம் கண்மூடித்தனமாக ஏற்றும் மலிவான வகையைத் தவிர்த்து, ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் தனித்தனியே கண்காணித்து நிறைந்ததும் நிறுத்தும் வகையை வாங்க வேண்டும். ஏஏ அளவிலேயே வரும் 14500 என்ற 3.7 வோல்ட் லித்தியம் அயன் செல்லை எக்காரணத்தாலும் இதில் போடக் கூடாது. இரண்டு சேர்ந்து 7 வோல்ட்டைத் தாண்டுவதால் கேமராவின் உள்மின்சுற்று கருகிவிடக்கூடும்.

கார்டைப் பொறுத்தவரை, 2006-இல் வந்த எஸ்டிஎச்சி வகையை ஏ590 ஐஎஸ் ஏற்கும்; அந்த வகையின் எல்லை 32 ஜிபி. 64 ஜிபி முதல் தொடங்கும் எஸ்டிஎக்ஸ்சி கார்டு எக்ஸ்ஃபேட் கோப்பு முறையில் வருவதால், அந்த முறையை அறியாத இந்தக் கேமராவால் அதைப் படிக்க இயலாது. பெரிய கார்டுக்குத் தேவையும் இல்லை. மிக உயர்ந்த தரத்தில் ஒரு படம் ஏறத்தாழ 3.5 எம்பி என்று கொண்டால், 8 ஜிபியிலேயே 2,000-க்கும் மேற்பட்ட படங்கள் அடங்கும். வி30, வி60 போன்ற வேகக் குறியீடுகள் உயர்தர வீடியோவுக்கானவை. அவற்றுக்காகக் கூடுதல் விலை கொடுப்பதால் இந்தக் கேமராவின் வேகம் கூடப்போவதில்லை. செலவழிக்க வேண்டியது நம்பகத்துக்கு. சந்தையில் உலவும் போலிக் கார்டுகள், உள்ளே 4 ஜிபி இருக்க 32 ஜிபி என்று கேமராவிடமே பொய் சொல்லும். உண்மையான கொள்ளளவைத் தாண்டியதும் படங்கள் சத்தமில்லாமல் அழியும். புதிய கார்டை ஒருமுறை முழுவதும் நிரப்பித் திரும்பப் படித்துச் சோதிக்க எஃப்3 போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. திருமணப் படங்களை அதில் எடுப்பதற்கு முன் அந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

கார்டை ஃபார்மேட் செய்வதைக் கணினியில் அல்லாமல் கேமராவிலேயே செய்வது நல்லது. சாதாரண ஃபார்மேட், கோப்புகளின் அட்டவணையை மட்டுமே அழிப்பதால், கைதவறி அழித்தவர் அந்தக் கார்டில் மேற்கொண்டு ஒரு படமும் எடுக்காமல் நிறுத்திக்கொண்டால், போட்டோரெக் என்னும் இலவச மென்பொருள் வழியே பெரும்பாலானவற்றை மீட்க முடியும்.

பழைய கேமராவை நேரில் பார்த்து வாங்குவோர், சார்ஜ் ஏற்றிய இரண்டு செல்களையும் ஒரு எஸ்டிஎச்சி கார்டையும் தாமே கொண்டுசெல்ல வேண்டும். செல்லும் கார்டும் ஒரே மூடிக்குள் இருப்பதும், ஸ்பிரிங்கின் அழுத்தம் முழுவதையும் அந்த மூடியின் பிளாஸ்டிக் கொக்கியே தாங்குவதும் இந்த வடிவமைப்பின் பலவீனம்; கொக்கி உடைந்திருந்தால் விலையைக் குறைத்துக் கேட்பதைவிட வேறு கேமரா தேடுவது மேல். தொடுமுனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் ஆல்கலைன் செல் கசிந்த தடம் அது. இலேசாக இருந்தால் வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து எடுத்துவிடலாம். பிறகு ஜூமை இரு முனைக்கும் ஓட்டி, ஃபிளாஷோடு சில படங்களைத் தொடர்ந்து எடுத்து, கேமரா அணையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கார்டு பூட்டப்பட்டிருப்பதாகச் செய்தி வந்தால் கார்டின் பக்கவாட்டுத் தாழைத் திறந்த நிலைக்குத் தள்ளுங்கள். தாழின் நிலையை அறிவது கேமராவுக்குள் இருக்கும் சிறு ஸ்விட்ச் என்பதால், அதன் பிறகும் செய்தி மறையவில்லை என்றால் பழுது கேமராவில்தான்.