கல்லுக்கு அடியில் கோரை

"முன்வாசலில் ஜல்லி கொட்டிப் புல் வைத்திருக்கிறாயே, வேலை குறைவுதானே? நானும் வைக்கட்டுமா?" என்று போன வாரம் நண்பன் கேட்டான். அன்று காலைதான் ஒரு மணி நேரம் குத்தவைத்துக் கோரை பிடுங்கியிருந்தேன். இடுப்பு வலியோடு சொன்ன பதில் நியாயமாக இருந்திருக்காது. அதனால் இங்கே நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

கோயம்புத்தூரில் நாலு வருடமாக இருக்கும் பாத்தி இது. பத்தடிக்கு ஆறடி. அடியில் வீட் மேட் என்கிற களைத்தடுப்புப் பாய், மேலே மூன்று அங்குல உயரத்துக்கு முக்கால் அங்குல ஜல்லி, நடுவில் ஊதா ஃபவுண்டன் கிராஸ் என்கிற அலங்காரப் புல் ஏழு தூர், ஓரத்தில் வெட்டிவேர்.

புல்லைக் குறை சொல்ல மாட்டேன். வேர் பிடித்த பிறகு கோடையில்கூட வாரம் ஒரு தண்ணீர் போதும். ஐப்பசி மழையிலும் தூர் அழுகவில்லை, ஜல்லி தண்ணீரைத் தேங்க விடுவதில்லை. கதிர் காய்ந்ததும் அரையடி விட்டு அறுத்துவிட்டால் மறுபடி துளிர்க்கிறது. சாயங்கால வெயில் கதிர்களுக்குப் பின்னால் விழும்போது தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள்.

எல்லாம் சரி. கோரை இருக்கிறதே!

வீட் மேட் போட்டால் களையே வராது என்றுதான் நர்சரியில் சொன்னார்கள். கோரையின் முளை ஊசி மாதிரி. பாயைக் குத்திக்கொண்டு மேலே வந்துவிடுகிறது. இழுத்தால் தாள் மட்டும் கையோடு வரும், கிழங்கு பாய்க்கு அடியிலேயே இருக்கும், கொஞ்ச நாளில் திரும்ப முளைக்கும். வெறும் மண்ணாக இருந்தால் களைக்கொத்தால் தோண்டிக் கிழங்குச் சரத்தோடு எடுத்துவிடலாம். இங்கே கொத்தினால் கல்லில் 'ணங்' என்கிறது. ஜல்லியைக் கையால் ஒதுக்கி, பாயைக் கிழித்து, தோண்டி, மறுபடி மூட வேண்டும். கிழித்த இடத்தில் அடுத்த கோரைக்கு வாசல் திறந்தாயிற்று. களைக்கொல்லி அடிக்கலாமே என்பார்கள். எல்லாச் செடியையும் கொல்லும் வகை என்றால் ஃபவுண்டன் கிராஸையும் சேர்த்துக் கொல்லும்.

தூருக்குள் புகுந்தால் இன்னும் மோசம், எது எது என்றே தெரியாது. பூத்தண்டை விரலில் உருட்டிப் பார்ப்பேன். மூன்று பட்டை தட்டுப்பட்டால் கோரை. அது புல் இனமே கிடையாதாம். புல்லுக்கென்று போட்ட பாத்தியில் அமோகமாக விளைவது புல்லே அல்லாத ஒன்று!

இதற்கு நடுவே, இந்த வருடம் புள்ளிச் சில்லை என்கிற சின்னக் குருவிகள் வர ஆரம்பித்திருக்கின்றன. தன் உடம்பைவிட நீளமான தாளைக் கவ்விக்கொண்டு, காற்றில் தள்ளாடியபடி எதிர்வீட்டுக் காகிதப்பூச் செடிக்குப் பறக்கின்றன. அங்கே பந்து மாதிரி ஒரு கூடு. அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் இரண்டு நாள் ஆபீசுக்குத் தாமதமாகப் போனேன்.

நண்பனுக்கு என் பதில்: வைக்காதே. வைத்தே தீருவாய் என்றால் ஜல்லி கொட்டுவதற்கு முன் ஆறு மாதம் மண்ணைக் கிளறிக் கோரைக்கிழங்கைப் பொறுக்கு. வீட் மேட்டுக்குக் காசு போடாதே. நடுத்தூர் காய்ந்துபோன இரண்டைப் பிரித்து நடப்போகிறேன், ஞாயிற்றுக்கிழமை வந்தால் உனக்கும் நாலு துண்டு தருகிறேன். வேரில் கோரை ஒட்டிக்கொண்டு வந்தால் நான் பொறுப்பல்ல.